மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்கு எத்தனை வயது?

கெடா மாநிலத்துப் பீடோங்கில் செம்பனை ஆலைக்கு லாரி ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மூத்த மகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "நாட்டிலேயே பழைய மருத்துவக் கல்லூரி, 1905லேயே ஆரம்பித்தது" என்கிறார் ஒருவர். "அதெல்லாம் இல்லை, 1960களில் வந்ததுதான்" என்கிறார் பக்கத்து வீட்டு ஆசிரியர். எது சரி? உள்ளே யார் பொறுப்பு, ஆஸ்பத்திரி யாருடையது, படித்து முடித்தால் எங்கே அனுப்புவார்கள்? அப்புறம், பிள்ளையின் பாட்டி ஒரு கேள்வி கேட்கிறாராம்: "இங்கே செமிலிங்கிலேயே ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம்?"

தம்பி, முதலில் மகளுக்கு என் வாழ்த்து. நான் பிறந்ததும் பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான். அப்பா அங்கே டிரசர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்ப்பவர். நானோ அந்தப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்று, இப்போது ஊரோடு வந்துவிட்டேன். உங்களுக்குச் சொன்ன இருவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு வயதும் சரிதான். ஏன் இரண்டு என்று புரிந்துகொண்டால், உள்ளே எல்லாம் எப்படி நடக்கிறது என்பதும் பாதி புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

1904ல் சிங்கப்பூரில், தான் ஜியாக் கிம் என்ற வணிகரின் தலைமையில் ஊர்ப் பெரியவர்கள் கவர்னர் சர் ஜான் ஆண்டர்சனிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவம் கற்றுத்தர ஒரு பள்ளி வேண்டும் என்பது கோரிக்கை. கவர்னர் சம்மதித்தார், ஆனால் 71,000 வெள்ளியை (டாலரை) மக்களே திரட்டித் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். திரண்டது 87,077 வெள்ளி. அதில், தான் ஜியாக் கிம் மட்டும் போட்டது 12,000. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பள்ளி வெள்ளைக்காரன் தானாகக் கொடுத்த தருமம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பணம் ஊர் மக்களுடையது.

1905 ஜூலையில் பாடம் தொடங்கியது. பள்ளியின் பெயர் மிக நீளம்: நீரிணைக் குடியேற்றங்கள், ஐக்கிய மலாய் மாநிலங்கள் அரசாங்க மருத்துவப் பள்ளி. கெடா அந்தப் பெயருக்குள் வராது. 1909 வரை நம் மாநிலம் சயாமின் கீழ் இருந்தது. பள்ளிக்குக் கிடைத்த இடமோ, பெண் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு பழைய கட்டடம். அந்த வட்டாரத்துக்கு சிப்பாய் லைன்ஸ் என்று பெயர். இந்தியச் சிப்பாய்கள் முகாமிட்டிருந்த இடம் அது. தோட்டத்தில் நாம் லயம் என்று சொல்கிறோமே, அதுவும் இதே லைன்தான்.

முதல் முதல்வர் டாக்டர் ஜெரால்ட் டட்லி ஃபிரியர். முதல் ஆண்டில் 23 மாணவர்கள் சேர்ந்தார்கள். 16 பேர் டாக்டராவதற்கு, 7 பேர் ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்ட் ஆவதற்கு. அந்த ஏழு பேரை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்ட் என்பவர்தான் நம் தோட்டங்களில் டிரசர் ஐயா. டாக்டரையும் டிரசரையும் ஒரே கூரையின் கீழ் உருவாக்கத்தான் அந்தப் பள்ளி தொடங்கியது.

தோட்டத்தில் டாக்டர் என்றால் எப்போதாவது காரில் வந்து போகிறவர். எங்கள் தோட்டத்துக்கு வாரம் ஒரு முறை வருவார், மழை கனத்தால் அதுவும் இல்லை. மற்ற நாளெல்லாம் அப்பாதான் டாக்டர். விடியற்காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிவதற்கு முன்பே ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஆள் உட்கார்ந்திருக்கும். காய்ச்சல்காரர் வந்தால் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் இழுத்து, காயவைத்து, காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைப்பார். மலேரியாவா என்று பார்க்க அது டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும். பதில் வருவதற்குள் ஆள் தேறியிருப்பார், அல்லது மோசமாகியிருப்பார். அப்பா பள்ளிக்கூடத்தில் மருத்துவம் கற்றவர் இல்லை, இன்னொரு தோட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கூடவே நின்று கற்றவர். தோட்டத்து ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்டுகளைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே 1965ல் வந்தது. அந்தப் பதிவுத் தாளை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு மருந்து அலமாரிக்கு மேலே மாட்டி வைத்திருந்தார்.

சரி, சிங்கப்பூருக்குத் திரும்புவோம். முதல் அணியில் 1910ல் ஏழு பேர் டாக்டராகத் தேறினார்கள். அடுத்த ஆண்டு, தான் தெக் குவான் கட்டடம் எழுந்தது. தன் தந்தையின் நினைவாக அதை, தான் சாய் யான் என்பவர் கட்டிக் கொடுத்தார். 1896ல் மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டவர், மலாயாவில் ரப்பரைத் தோட்டப் பயிராக வளர்த்த முன்னோடி அவர்தான். சின்ன வயதில் பால்மரக் காட்டுக்குள் அம்மாவுக்கு வாளி தூக்கிக்கொண்டு நடந்த எனக்கு இது தெரிய வந்தபோது வயது நாற்பதுக்கு மேல். நாட்டின் முதல் மருத்துவப் பள்ளியில் ரப்பர்க் காசும் இருக்கிறது. அந்த ரப்பருக்கு மரம் சீவியவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகளிடம் இதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்.

1913ல் பள்ளி மறைந்த பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் பெயரைப் பெற்றது. டாக்டர் லிம் பூன் கெங் முன்னின்று திரட்டிய நினைவு நிதி அதற்குக் காரணம். 1916ல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் இங்கே கொடுத்த எல்.எம்.எஸ். என்ற மருத்துவப் பட்டயத்தை ஏற்றுக்கொண்டது. 1921ல் பள்ளி கல்லூரியானது. ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரி என்று பழைய டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

பட்டயம் அங்கீகாரம் பெற்றாலும் ஆள் அங்கீகாரம் பெறவில்லை. இங்கே படித்த உள்ளூர் டாக்டர்களை உதவி மருத்துவ அதிகாரி என்றே வைத்திருந்தார்கள். மேல் பதவிகள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்குப் போயின, சம்பளமும் அப்படியே. பழைய மாணவர்கள் 1923ல் சங்கம் அமைத்துக்கொண்டதை நான் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

போர் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுவதற்கு முந்தைய நாள், குண்டு வீச்சில் இறந்த ஒரு மாணவரைக் கல்லூரி வளாகத்திலேயே அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். கூடியிருந்த சக மாணவர்கள் மேல் மறுபடி குண்டு விழுந்தது. பலர் அங்கேயே இறந்தார்கள். இருபது வயதைச் சுற்றிய பிள்ளைகள்.

போருக்குப் பின் 1949 அக்டோபர் 8ஆம் தேதி, மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து மலாயாப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். இடம் சிங்கப்பூர்தான். பின்னாளில் பிரதமரான மகாதீர் அந்த மாற்றத்துக்கு முன்பே சேர்ந்து, மாற்றத்துக்குப் பிறகு 1953ல் டாக்டராக வெளியே வந்தவர். அவர் மனைவி சித்தி ஹஸ்மாவும் அங்கே படித்தவர்தான்.

இங்கேதான் உங்கள் குழப்பத்தின் முடிச்சு இருக்கிறது. 1957ல் மலாயா சுதந்திரம் பெற்றது. பல்கலைக்கழகத்தின் பெயரில் மலாயா இருந்தது, மருத்துவப் படிப்போ சிங்கப்பூரில் இருந்தது. 1959ல் பல்கலைக்கழகத்தைச் சிங்கப்பூர்ப் பிரிவு, கோலாலம்பூர்ப் பிரிவு என்று இரண்டாக்கினார்கள். 1962 ஜனவரி முதல் தேதி இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. பாகப்பிரிவினையில் பழைய வீடு ஒரு மகனுக்கும் குடும்பப் பெயர் இன்னொரு மகனுக்கும் போனதுபோல ஆனது. பழைய கட்டடங்கள், ஆஸ்பத்திரி, ஆசிரியர்கள் எல்லாம் சிங்கப்பூருக்கு. அதுதான் இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி. மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பெயர் கோலாலம்பூருக்கு வந்தது, ஆனால் மருத்துவம் கற்பிக்க அங்கே ஒரு வகுப்பறை கூட இல்லை.

ஆகவே பல்கலைக்கழகத்தின் வேர் 1905 என்று சொன்னவர் சொன்னது சரி. கோலாலம்பூர் மருத்துவப் புலம் 1962 செப்டம்பரில் தொடங்கப்பட்டது என்பதால் ஆசிரியர் சொன்னதும் சரி. என்னைக் கேட்டால், இரண்டாவது பிறப்புதான் இன்னும் கவனிக்க வேண்டியது. ஒன்றுமில்லாத இடத்தில் எழுப்பியது அது.

எழுப்பியவர் பேராசிரியர் டி. ஜே. தனராஜ், முதல் டீன். சிங்கப்பூரில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். நாள்பட்ட இருமலும் மூச்சிரைப்பும் இரத்தத்தில் ஈயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் ஏற்றமுமாக வரும் ஒரு நோய் அப்போது டாக்டர்களைக் குழப்பிக்கொண்டிருந்தது. யானைக்கால் புழுவுக்குக் கொடுக்கும் மருந்தில் அது குணமாகிறது என்று 1950களின் கடைசியில் எழுதியவர்களில் அவர் முக்கியமானவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் அங்கே இல்லை. ஆனால் கூடத்தில் மூத்தவர்கள் எதற்கெடுத்தாலும் "தனராஜ் காலத்தில் இப்படி விடமாட்டார்கள்" என்பார்கள். மருத்துவ நூலகத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவர் காலத்தில் செய்த ஒரு முடிவுதான் இன்றுவரை அந்த இடத்தைத் தாங்குகிறது. வகுப்பறையைக் கட்டிவிட்டு மாணவர்களை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று இருந்துவிடவில்லை. பள்ளிக்கே சொந்தமாக ஓர் ஆஸ்பத்திரி, அதுவும் ஒரே வளாகத்தில், ஒன்றோடொன்று ஒட்டி. லெம்பா பந்தாயில், பெட்டாலிங் ஜெயாவின் எல்லையை ஒட்டிய நிலத்தில் கட்டினார்கள். 1967ல் ஆஸ்பத்திரி நோயாளிகளை எடுக்கத் தொடங்கியது, 1969ல் முதல் அணி பட்டம் பெற்றது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்துப் பெயரை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் என்று மாற்றினார்கள். மலாய்ச் சுருக்கத்தில் பிபியுஎம். நம் ஆட்கள் இன்னும் யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒப்பீடு ஒன்று. அடுத்து வந்த மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் மருத்துவம் தொடங்கி, கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் வைத்தே மாணவர்களைப் பயிற்றுவித்தது. செராஸில் சொந்த ஆஸ்பத்திரி வந்தது 1997ல்தான்.

இனி நிர்வாகம். புலத்துக்குத் தலைவர் டீன். அவருக்குக் கீழே துணை டீன்கள்: இளங்கலைப் படிப்புக்கு ஒருவர், முதுகலைக்கு ஒருவர், ஆராய்ச்சிக்கு ஒருவர் என்று வேலை பிரியும். அதற்குக் கீழே துறைகள். உடற்கூறியல், உடலியங்கியல், மருந்தியல், நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல் என்று ஒரு வரிசை. பொது மருத்துவம், அறுவை, குழந்தை நலம், மகப்பேறு, எலும்பு, மனநலம், மயக்கவியல், கண், காது மூக்கு தொண்டை என்று இன்னொரு வரிசை. இவற்றோடு சமூக, தடுப்பு மருத்துவத் துறையும் உண்டு. ஆஸ்பத்திரிக்குத் தனியாக இயக்குநர் இருப்பார். சுங்கை பட்டாணி அரசு ஆஸ்பத்திரி சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது. இது உயர்கல்வி அமைச்சின் கீழ் வருகிறது. ஆகவே ஆஸ்பத்திரி யாருடையது என்று கேட்டால் பல்கலைக்கழகத்துடையது.

காகிதத்தில் இரண்டு தலைமை. வார்டில் பார்த்தால் ஒரே ஆள். காலை எட்டு மணிக்கு வார்டில் நோயாளியின் கட்டிலருகே நிற்கும் நிபுணரேதான் பத்து மணிக்கு விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர். மத்தியானம் அவரே ஏதோ ஓர் ஆய்வுக் கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். சிகிச்சை, கற்பித்தல், ஆராய்ச்சி மூன்றும் ஒரே தலையில். இதனால் சிரமமும் உண்டு, மறைக்க மாட்டேன். நோயாளி காத்திருக்க வேண்டியிருக்கும், மாணவர் பேராசிரியரைப் பிடிக்க அலைய வேண்டியிருக்கும். ஆனாலும் இந்த ஏற்பாட்டை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் கண்முன் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கூடத்துக்கு மாணவர்கள் இரத்தப் படலம் இழுக்கக் கற்றுக்கொள்ள வருவார்கள். கண்ணாடிச் சில்லின் ஒரு ஓரத்தில் குண்டூசித் தலையளவு ஒரு சொட்டு. இன்னொரு சில்லைச் சாய்த்து அந்தச் சொட்டைத் தொட வேண்டும். சொட்டு விளிம்பு நெடுக ஓடிப் பரவும்வரை பொறுத்து, பிறகு ஒரே தள்ளு. கை நடுங்கினால் படலம் வரிவரியாகும், பயந்து மெல்லத் தள்ளினால் தடித்துப்போகும். நன்றாக வந்தால் நாக்கு மாதிரி வளைந்து, நுனியில் புகைபோல மெலிந்து முடியும். அந்த மெலிந்த இடத்தில்தான் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகத் தெரியும்.

ஒரு நாள் ஒரு மாணவி ஏழெட்டுச் சில்லைக் கெடுத்துவிட்டுக் கண் கலங்கி நின்றாள். நான் ஒன்று இழுத்துக் காட்டினேன். "யாரிடம் கற்றீர்கள் அங்கிள்?" என்றாள். "தோட்டத்தில், எங்கப்பாவிடம்" என்றேன். அந்த நேரம் அவளுடைய பேராசிரியர் வார்டிலிருந்து நேராக எங்கள் கூடத்துக்கு வந்தார். காலையில் சேர்த்த நோயாளியின் சில்லைத் தானே பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டு அவளையும் நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தார். காலையில் வார்டில் அவள் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்த அதே ஆளின் இரத்தம், அந்த இரத்தத்துக்குள் மலேரியாக் கிருமி. கட்டிலிலிருந்து நுண்ணோக்கி வரை இரண்டு மாடி தூரம். அப்பாவின் சில்லு போய்ச் சேர ஒரு நாள் ஆனதை நான் அன்று நினைத்துக்கொண்டேன்.

இதே ஏற்பாடு நாட்டையே காப்பாற்றிய கதை ஒன்று உண்டு. 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. பிறகு நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் பலமாகப் பரவியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்து கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். காய்ச்சல் நிற்கவில்லை. விழுந்தவர்கள் பெரும்பாலும் வயது வந்த ஆண்கள், அதுவும் பன்றிகளோடு நேராகப் பழகியவர்கள். கொசுவால் வருவதென்றால் வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்கல்லவா முதலில் வர வேண்டும்? தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் இருமிச் செத்தன.

நோயாளிகள் யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வார்டில் நரம்பியல் நிபுணர்கள் பார்த்தார்கள், தண்டுவட நீர் நுண்ணுயிரியல் துறைக்குப் போனது. அங்கே டாக்டர் சுவா காவ் பிங் அதை வளர்ப்புச் செல்களில் விட்டுப் பார்த்தபோது, செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய திட்டுகளாயின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி அப்படிச் செய்வதில்லை. 1999 மார்ச்சில் அவரே மாதிரிகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் காட்ட, முன்பு யாரும் காணாத புதிய கிருமி என்று உறுதியானது. கிருமி கிடைத்த நோயாளியின் ஊர் சுங்கை நிப்பா. அதனால் நிப்பா வைரஸ் என்று பெயர். கொசுவை விட்டுவிட்டுப் பன்றிகள் பக்கம் திரும்பினார்கள். பத்து லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டு, நோய் அடங்கியது. அதற்குள் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்திருந்தார்கள். பின்னால் பழந்தின்னி வௌவால்களிடம் அதே கிருமியைக் கண்டுபிடித்ததும் சுவாவும் அவரோடு வேலை செய்தவர்களும்தான்.

அந்த வாரங்களில் நான் வேறு கூடத்தில்தான் இருந்தேன், அந்தக் குப்பிகளைத் தொட்டதில்லை. ஆனால் தாழ்வாரத்தில் டாக்டர்கள் எத்தனை முறை வார்டுக்கும் நுண்ணுயிரியலுக்கும் நோய்க்குறியியலுக்கும் நடந்தார்கள் என்று பார்த்தவன். மூன்று துறையும் மூன்று ஊரில் இருந்திருந்தால் அந்த நடை கடிதமாக மாறி, கடிதம் கோப்பில் போய் உட்கார்ந்திருக்கும். இறந்தவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள்.

மகளின் படிப்புக்கு வருகிறேன். ஐந்து ஆண்டு. பழைய முறையில் முதல் இரண்டாண்டு வகுப்பறை, அடுத்த மூன்றாண்டு வார்டு என்று கோடு கிழித்தாற்போல இருந்தது. இப்போது ஆரம்பத்திலேயே நோயாளியிடம் பேசப் பழக்குகிறார்கள், பாடங்களையும் உறுப்பு உறுப்பாகச் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். முதல் ஆண்டில் அவளைத் திணறடிக்கப்போவது ஆங்கிலம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் படிப்பில் நன்றாகச் செய்த பிள்ளைகளே முதல் சில மாதம் வாய் திறக்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது தானாக விலகும், பயப்பட வேண்டாம். ஆனால் வார்டில் ஒரு தமிழ்ப் பாட்டி படுத்திருந்து, என்ன வலி என்று சொல்லத் தெரியாமல் தவிக்கும்போது, பேராசிரியர் திரும்பி "இங்கே யாருக்குத் தமிழ் தெரியும்?" என்று கேட்பார். "நெஞ்சைக் கரிக்குது", "கால் மதமதங்குது", "தலை கிறுகிறுங்குது" என்று பாட்டி சொல்வதை மருத்துவ ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல, தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளையால்தான் முடியும். அன்று முழுக் குழுவும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

படித்து முடித்தபின் எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டீர்கள். பட்டம் வாங்கியதும் தற்காலிகப் பதிவு கிடைக்கும், பிறகு ஹவுஸ்மேன் பயிற்சி, அதாவது ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர் வேலை. இரண்டாண்டு, ஆறு துறை, துறைக்கு நான்கு மாதம். நாட்டின் எந்தப் பயிற்சி ஆஸ்பத்திரியிலும் இடம் அமையலாம், சுங்கை பட்டாணியும் அதில் சேர்த்தி. அது முடிந்தால் முழுப் பதிவு. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை அரசாங்கம் ஒப்பந்த முறையில்தான் எடுக்கிறது. டாக்டர் ஆனதும் நிரந்தர அரசு வேலை என்பது பழைய கணக்கு. நிபுணராக வேண்டுமானால் முதுகலைப் பயிற்சிக்கு மறுபடி இதே வளாகத்துக்கு வரலாம். அது பொதுவாக நான்கு ஆண்டு. அந்தப் பயிற்சி டாக்டர்கள்தான் இரவில் வார்டைத் தூக்கிச் சுமக்கிறவர்கள்.

கடைசியாகப் பாட்டியின் கேள்வி. செமிலிங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 2001ல் தொடங்கியது, நம் சமுதாயம் எழுப்பியது. ஜெராய் மலை அடிவாரத்தில், தோட்டமாகக் கிடந்த வட்டாரத்தில் இப்படி ஒன்று வரும் என்று அப்பா நினைத்தே பார்த்திருக்க மாட்டார். ஆனால் அது தனியார் நிறுவனம். கட்டணம் வேறு கணக்கு. மாணவர்கள் வார்டுப் பயிற்சிக்கு சுங்கை பட்டாணி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். உங்கள் மகளுக்கு அரசுக் கட்டணத்தில் இடம், சொந்த ஆஸ்பத்திரியுள்ள பள்ளி, ஆயிரம் கட்டிலுக்கு மேல். இதை விட்டுவிட்டு வீட்டுப் பக்கத்தில் படி என்று நான் சொல்ல மாட்டேன்.

பாட்டிக்குப் பேத்தியைப் பிரிவதுதான் கஷ்டம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. சுங்கை பட்டாணியில் இடிஎஸ் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரல் வரை மாறவே வேண்டாம். அங்கே கிளானா ஜெயா வழித்தட எல்ஆர்டி நகர ரயிலில் ஏறி நான்காவது நிலையத்தில் இறங்குங்கள். நிலையத்தின் பெயரே யூனிவர்சிட்டி. பதிவு நாளன்று பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள், தம்பி. கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும், அதனால் காலை ரயிலாகப் பார்த்துச் சீட்டு எடுங்கள்.